பண்டிகை விருந்துக்கு சீஸ் தட்டு: எதோடு எதை வைப்பது?

மாடித்தோட்டம்
பண்டிகையன்று இரவு வீட்டில் மொத்தம் 14 பேர். சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரிய பலகையில் சீஸ் வகைகளை அடுக்கி நடுவில் வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன முறை எட்டு வகை வாங்கி, எல்லாவற்றையும் குட்டிக் குட்டிக் கட்டங்களாக வெட்டி, சுற்றிலும் திராட்சை வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் மிச்சம், நீலப் பூஞ்சை ஓடிய நீல சீஸை ஒருவர்கூடத் தொடவில்லை. எத்தனை வகை வைக்கலாம், எவ்வளவு வாங்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் எது? வருபவர்களில் இரண்டு பேர் சைவம், ஒருவர் கர்ப்பிணி, நான்கு பேர் மது அருந்த மாட்டார்கள்.

உப்புக்கல்
எட்டு வேண்டாம் அக்கா, நான்கு போதும். மென்மையானது ஒன்று (ப்ரீ), கெட்டியானது ஒன்று (நன்றாக முதிர்ந்த செடார்), ஆட்டுப்பால் சீஸ் ஒன்று, நீலம் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் தலைக்கு 80 முதல் 100 கிராம் என்று கணக்கு வையுங்கள், உங்களுக்கு மொத்தம் 1.2 கிலோ சுற்றி வரும், அதாவது ஒவ்வொன்றிலும் 300 கிராம்.

வெட்டி அடுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். சின்னத் துண்டுகள் சீக்கிரம் காய்ந்து ஓரம் கெட்டியாகிவிடும். முழுத் துண்டாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி கொடுங்கள், இல்லையென்றால் நீல சீஸின் வாசனை ப்ரீயில் ஏறிவிடும். இன்னொன்று, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். குளிரில் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனையே வராது. எவ்வளவு நல்ல சீஸ் வாங்கினாலும் ஜில்லென்று வைத்தால் மெழுகைத் தின்பது போலத்தான் இருக்கும்.

நீல சீஸை யாரும் தொடவில்லை என்றீர்களே, பக்கத்தில் தேன் இருந்ததா? அதில் உப்பும் காரமான நெடியும் தூக்கலாக இருக்கும், இனிப்பு வந்து தணித்தால்தான் ருசி தெரியும். இங்கிலாந்தின் ஸ்டில்டனுக்கு போர்ட் ஒயின், பிரான்சின் ராக்ஃபோருக்கு சோட்டர்ன் ஒயின் என்று ஜோடி சேர்ந்ததும் இதனால்தான், இரண்டுமே இனிப்பான ஒயின்கள். உங்களுக்கு ஒரு கிண்ணம் தேனும், பேரிக்காய்த் துண்டுகளும், வால்நட்டும் போதும். பேரிக்காய் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுங்கள்.

பனிக்கூழ்
உப்புக்கல் சொன்னதில் ஒன்றை மாற்றுவேன். ஆட்டுப்பால் சீஸுக்குப் பதிலாக இன்னொரு கெட்டி சீஸ் வையுங்கள், கர்ப்பிணி ஒருவர் வருகிறார் இல்லையா? ப்ரீ, கமம்பேர் போல வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மென்மையான சீஸ்களையும் மென்மையான நீல வகைகளையும் அவர் தவிர்க்க வேண்டும், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அவற்றில் வளர வாய்ப்பு அதிகம். பாஸ்டர் முறையில் காய்ச்சிய பாலில் செய்த செடார், கௌடா போன்றவற்றைத் தயங்காமல் சாப்பிடலாம். அவருக்கு ஒரு சின்னத் தட்டில் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள், பொதுக் கத்தி அதில் படவே கூடாது.

சைவம் என்றால் ரென்னட்டைப் பாருங்கள், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. பாலைத் திரிய வைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலிய கெட்டி சீஸில் கன்று ரென்னட்தான் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதனால் அது சைவமாகவே வராது. பொட்டலத்தில் 'மைக்ரோபியல் ரென்னட்' (நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்தது) என்றோ சைவம் என்றோ எழுதியிருப்பதை வாங்குங்கள்.

தேயிலைத்துளி
குடிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. சீஸ் என்றதும் எல்லாரும் சிவப்பு ஒயினைத் திறக்கிறார்கள், அதிலுள்ள துவர்ப்பு ப்ரீயோடு சேர்ந்தால் வாயில் கசப்புதான் மிஞ்சும். வெள்ளை ஒயின் பெரும்பாலான சீஸ்களுக்கு ஒத்துப்போகும். மது வேண்டாதவர்களுக்கு நுரை பொங்கும் திராட்சைச் சாறோ ஆப்பிள் சாறோ கொடுங்கள், அந்தப் புளிப்பும் குமிழியும் நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும், அடுத்த வாய்க்கு நாக்கு தயார். செடாரோடு ஆப்பிள் சாறு குடித்துப் பாருங்கள், ஒயினைத் தேடவே மாட்டீர்கள். கெட்டி கௌடாவுக்குப் பால் சேர்க்காத கட்டன் தேநீர்.

பிஸ்கட் உப்பு அதிகமில்லாத வெறும் வகையாக இருக்கட்டும். பூண்டு, மிளகு தடவியதெல்லாம் சீஸோடு சண்டை போடும்.

மாடித்தோட்டம்
இவ்வளவு விவரமாகச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ப்ரீ, செடார், முதிர்ந்த கௌடா, நீலம் என்று முடிவு செய்துவிட்டேன், நான்கிலும் ரென்னட் பார்த்துத்தான் வாங்குவேன். ஆட்டுப்பால் அடுத்த முறை. இரண்டு சந்தேகம்: ப்ரீயின் வெள்ளைத் தோலைச் சீவி எடுக்க வேண்டுமா? போன முறை வாங்கிய கௌடாவில் வெள்ளையாக ஏதோ நறநறவென்று கடிபட்டது, கெட்டுப்போய்விட்டதோ என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

உப்புக்கல்
அடடா, அது கெட்டது இல்லை அக்கா! சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாக நிற்கும், அதுதான் நறநற. நல்லா முதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ப்ரீயின் தோலை அப்படியே சாப்பிடலாம், கேக் வெட்டுவது போல நடுவிலிருந்து ஓரம் வரை வெட்டினால் எல்லாருக்கும் தோலும் உள்ளேயும் சமமாக வரும். கௌடாவின் மெழுகை மட்டும் உரித்துவிடுங்கள்.

பனிக்கூழ்
ஒரே ஒரு விஷயம் விட்டுப்போச்சு: பரிமாறத் தொடங்கிய பிறகு பேச்சு சுவாரசியத்தில் பலகையை மறந்துவிடாதீர்கள். வெளியே எடுத்த நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை மெழுகுத்தாளில் சுற்றி உள்ளே வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துவிடும். நீலத்தை மூடி போட்ட தனி டப்பாவில்.