கைமரம் ஏற்றிய நாளில் கண்டவை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

தெஹிவளையிலிருந்து:
எங்கள் வீட்டுக் கூரைக்குக் கலிகட் ஓடு (சுட்ட களிமண் ஓடு) என்று முடிவாகி, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் ஏற்றிய நாளில் கண்ட ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது. தச்சு பாஸ் முதலாவது கைமரத்தை அழகாக அளந்து வெட்டினார். இரண்டாவதை அதன்மேல் வைத்துக் கோடு கீறினார். மூன்றாவதை இரண்டாவதன்மேல், நான்காவதை மூன்றாவதன்மேல் என்று வெட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிப்பளவு நீளம் கூடியது. வீட்டின் மறுகோடியில் கைமரத்தின் வெட்டு சுவர்வளையில் (சுவரின் தலையில் கிடத்தும் மரத்தில்) அமராமல் விரல் நுழையுமளவு வெளியே தள்ளி நின்றது. அவர் அந்த இடைவெளியில் பலகைத் துண்டொன்றைச் செருகி ஆணி அடித்துவிட்டு இறங்கினார். ஓட்டின் பாரம் அந்தத் துண்டில்தான் இறங்குகிறது என்ற நினைப்பு மழை பெய்யும்போதெல்லாம் வருகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அக்கா சொல்வது உண்மைதான். ஆனால் முழுப் பழியையும் பாஸின்மேல் போட முடியாது. சுவர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லாவிட்டால், எல்லாக் கைமரங்களும் ஒரே நீளமாக இருந்தாலும் அதே இடைவெளி வரும். எங்கள் வீட்டில் சுவர்வளை வைத்தவுடன் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்த்தோம். இரண்டு அளவுகளும் ஒன்றரை அங்குலம் வேறுபட்டன. பூச்சில் சரிக்கட்டலாம் என்றார் மேசன். என் மாமா சம்மதிக்கவில்லை. சுவர்வளையைக் கழற்றி நகர்த்திய பிறகே தச்சரை ஏறவிட்டார்.

வெள்ளவத்தையிலிருந்து:
மைத்துனர் பாரம் குறைந்த கூரைச் சீற் போடுவதற்கென்று வாங்கிய மரத்தின்மேல் கடைசி நேரத்தில் ஓடு போட்டார். இன்று வீதியில் நின்று பார்த்தால் முகடு பழைய கயிற்றுக் கட்டில்போல் தொய்ந்து தெரிகிறது. அதனால் வீடு கட்டுபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். கலிகட் ஓடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 15 செல்லும். ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். ஆகவே எந்த ஓடு, எவ்வளவு சாய்வு என்று தீர்மானித்த பிறகே மரம் வாங்குங்கள். 20 அடி அகல வீட்டுக்கு 30 பாகைச் சாய்வு வைத்தால், முகடு சுவர்வளையிலிருந்து ஏறத்தாழ 5 அடி 9 அங்குலம் உயரும்; கைமரம் 11 அடி 7 அங்குலம் வரும்; தாழ்வாரத்துக்காகச் சுவருக்கு வெளியே 2 அடி நீட்டினால் மொத்தம் 14 அடியை நெருங்கிவிடும். 14 அடி மரம் போதும் என்று மர ஆலையில் சொல்வார்கள். முனை வெட்டுக்கும் வெடிப்புக்கும் இடம் விட்டு அதைவிட நீளமானதையே கேளுங்கள். எதிரெதிர்க் கைமரங்களைக் கீழே குறுக்குமரத்தால் பிணைக்காமல் விட்டால், பாரம் சுவர்களையே வெளியே தள்ளும். சுவர்வளையில் அமர வெட்டும் இடத்திலும் கைமரத்தின் உயரத்தில் (மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரையான அளவில்) மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்ட விடாதீர்கள்.

மட்டக்குளியிலிருந்து:
வெள்ளவத்தை ஐயாவின் கணக்கு நேரான கூரைக்குப் பொருந்தும். எங்கள் வீட்டில் இரண்டு கூரைகள் செங்கோணமாகச் சந்திக்கின்றன. தொல்லை முழுவதும் அந்த உள்மூலையில்தான். இரு பக்கமும் 30 பாகை இருந்தாலும், நடுவில் ஓடும் பள்ளத்தின் சாய்வு 22 பாகையளவே இருக்கும். இரண்டு கூரைகளின் தண்ணீரும் அங்கேதான் சேரும். ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் பதித்த தகட்டின் விளிம்பைத் தாண்டி, ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகை வழியாகச் சமையலறைச் சுவரில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தகட்டை அகலமாக மாற்றி, விளிம்புகளை மேல்நோக்கி மடித்து, அடியிலுள்ள மரத்தையும் 6 அங்குலமாக்கிய பிறகு ஒழுக்கு நின்றது.