லீக் ஆட்டங்களா, நாக்-அவுட் போட்டியா: கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரை எதைக் கொண்டு எடைபோடுவது?

சமாதானபுரத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரியின் விளையாட்டுக் குழுவில், முன்னாள் மாணவன் என்ற முறையில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒப்பந்த அடிப்படையில் மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். சுற்றுவட்டாரத்தில் ஆடும் லீக் ஆட்டங்களில் எங்கள் பையன்கள் தோற்பது அபூர்வம். ஆனால் கல்லூரிகளுக்கு இடையேயான நாக்-அவுட் போட்டிக்குப் போனால், மூன்று ஆண்டுகளும் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருக்கிறது. நிர்வாகம் கேட்கும் ஒரே கேள்வி, கோப்பை எங்கே என்பதுதான்.

கூட்டத்தில் ஒருவர், அமெரிக்காவிலும் கல்லூரிப் பயிற்சியாளர்களை மார்ச் மாதத்தில் நடக்கும் நாக்-அவுட் போட்டியை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்று சொன்னார். அந்த ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன் என்பதால் எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. (இறுதியாட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியை ஒட்டித் தொடங்கும், அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போவேன்.) 2018-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி 31 வெற்றி, இரண்டே தோல்வி என்ற கணக்கோடு, என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் அந்த மார்ச் போட்டிக்குள் முதல் நிலை அணியாக நுழைந்து, தன் பிரிவின் தரவரிசையில் கடைசியான பதினாறாம் நிலையில் வைக்கப்பட்ட யு.எம்.பி.சி. என்ற சிறிய அணியிடம் 54-74 என்று தோற்றது. அதுவரை முதல் நிலை அணிகள் பதினாறாம் நிலை அணிகளோடு மோதிய 135 ஆட்டங்களிலும் முதல் நிலை அணியே வென்றிருந்தது. அந்தத் தோல்வியின்போது பயிற்சியாளராக இருந்த அதே டோனி பென்னட் அடுத்த ஆண்டு அதே வர்ஜீனியாவோடு பட்டம் வென்றார். ஓராண்டுக்குள் அவர் மோசமான பயிற்சியாளராக இருந்து சிறந்தவராக மாறிவிட்டாரா? குழுவில் நான் என்ன பேச வேண்டும் என்பதற்கு உங்கள் கருத்துகளை வேண்டுகிறேன்.

வண்ணாரப்பேட்டை கணக்கு வாத்தியார்:

சமாதானபுரத்தாருக்கு வணக்கம். முதலில் ஒரு சிறு கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்வதற்கு 80 விழுக்காடு வாய்ப்புள்ள மிக வலுவான அணி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 64 அணிகள் மோதும் சுற்றிலிருந்து பட்டம் வரை தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும், 0.8 என்பதை ஆறு முறை பெருக்கினால் 0.26 வருகிறது. அதாவது அந்த அணி நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எங்கோ ஓர் இடத்தில் தோற்றுத்தான் வீடு திரும்பும். அந்த வாய்ப்பை 90 விழுக்காடாக உயர்த்தினாலும் பட்டம் கிடைப்பது பாதிக்குச் சற்று மேல்தான். ஒரு பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி அணி மார்ச்சுக்கு முன் முப்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடுகிறது. பத்தாண்டுகளில் அது முந்நூறைத் தாண்டும். அதே பத்தாண்டுகளில் நாக்-அவுட்டில் ஒரு நல்ல அணிக்குக் கிடைப்பது இருபது, இருபத்தைந்து ஆட்டங்கள். முந்நூறு விடைத்தாள்களை மூலையில் வைத்துவிட்டு இருபதை மட்டும் திருத்தி மாணவனுக்கு மதிப்பெண் போடுவதற்கு நான் துணியமாட்டேன்.

2019-இல் வர்ஜீனியா வென்ற கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலிறுதியில் பர்டூ அணிக்கு எதிராக, கடைசி விநாடிகளில் வர்ஜீனியாவுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் எறியும் எறி) ஒன்று தவறி, பந்து பின்னால் தன் கோர்ட்டுக்குத் தட்டிவிடப்பட்டது. கிஹெய் கிளார்க் என்ற குள்ளமான பையன் ஓடிப்போய் அதை எடுத்து, ஆட்ட நேரம் கரைந்துகொண்டிருக்கும்போதே நீளமாக ஒரு பாஸ் கொடுத்தான். மமாடி டியாகிட்டே எறிந்த பந்து மணி அடிக்கும்போது காற்றில் இருந்தது. ஆட்டம் 70-70 என்று சமனாகி, கூடுதல் நேரத்தில் 80-75 என்று வர்ஜீனியா வென்றது. அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால், பர்டூவின் பயிற்சியாளர் மாட் பெயின்டர் அந்த ஆண்டே முதன்முறையாகக் கடைசி நான்கு அணிகளுக்குள் தன் அணியைச் சேர்த்திருப்பார். பென்னட்டை இன்றுவரை யு.எம்.பி.சி.யிடம் தோற்றவர் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். கைவிட்டுப் போன ஒரு பந்து விழுந்த இடத்தை வைத்து இரண்டு பேருடைய திறமையை எப்படி அளப்பது?

இன்னொரு வேடிக்கை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது, போட்டி தொடங்கும் முன்பே நடந்த வாக்கெடுப்பின்படி, யு.எம்.பி.சி.யிடம் தோற்ற 2018-இல் பென்னட்டுக்குக் கிடைத்தது. பட்டம் வென்ற 2019-இல் அது, இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற டெக்சாஸ் டெக் அணியின் கிறிஸ் பேர்டுக்குப் போனது.

கோவில்பட்டிக்காரன்:

கணக்கு வாத்தியார் அண்ணாச்சி சொன்ன பெருக்கலில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கணக்கு, ஒரு பயிற்சியாளருக்கு எல்லா ஆட்டங்களிலும் ஒரே மாதிரியான வேலைதான் என்று வைத்துக்கொண்டு போடப்பட்டது. நாங்கள் ஹாக்கி பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள். லீக் ஆட்டத்தில் சிங்கமாக இருந்துவிட்டு நாக்-அவுட்டில் கால் நடுங்குகிற அணிகளை மைதானத்தின் ஓரத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்காவில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரிய கல்லூரிகள், பணம் கொடுத்துச் சிறிய கல்லூரிகளைத் தங்கள் ஊருக்கே வரவழைத்து வென்றுகொள்கின்றன. அந்த வெற்றிகளும் முந்நூறு விடைத்தாள்களுக்குள்தானே வருகின்றன? மார்ச்சில் முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் இடையே ஒரே ஒரு நாள்தான் இடைவெளி. அதுவரை பார்த்தேயிராத அணியை அந்த ஒரு நாளில் படித்து, பையன்களுக்குப் புரியும்படி இரண்டு மூன்று செய்திகளாகச் சுருக்கிச் சொல்ல வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் அணியின் பயிற்சியாளர் டாம் இஸ்ஸோவுக்குப் பெயர் வந்ததே அந்த வேலையினால்தான். அவர் 1999 முதல் 2019 வரை எட்டு முறை தன் அணியைக் கடைசி நான்குக்குள் கொண்டுபோனார். (அவரும் 2016-இல் மிடில் டென்னசி என்ற பதினைந்தாம் நிலை அணியிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.)

பென்னட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அணி, பந்தை நிதானமாகக் கைமாற்றி, ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழ 60 முறைதான் தாக்குதலுக்குப் போகும். மற்ற அணிகள் எழுபதை ஒட்டிப் போகும். வலுவான அணிக்கு வாய்ப்புகள் கூடக் கூடத்தான் தன் வலுவைக் காட்ட முடியும். வாய்ப்புகளைக் குறைத்துக்கொண்டால் எதிரணி தொலைவிலிருந்து எறிந்து நாலு த்ரீ பாயிண்டர் தொடர்ந்து போட்டதும் தப்பிக்க இடமிருக்காது. யு.எம்.பி.சி. ஆட்டத்தில் இடைவேளையின்போது இரு அணிகளும் 21-21 என்று சமனாக இருந்தன. பின்பாதியில் மட்டும் அந்தச் சிறிய அணி 53 புள்ளிகள் எடுத்தது. டியாண்ட்ரே ஹன்டர் என்ற முக்கியமான பையன் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் பின்தங்கியபின் துரத்தும் வழக்கமே அந்த அணிக்கு இல்லாதிருந்தது பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த முறையின் விளைவு. 2019-க்குப் பிறகு 2024-இல் ஓய்வு பெறும் வரை அவர் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை என்பதை வெறும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

பழைய பி.டி. சார்:

தம்பிமார்கள் இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விதமாகவும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஓர் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாக்-அவுட் ஆட்டம், வெட்டவெளிச் சிமெண்ட் கோர்ட்டில் நடந்தது. மேற்கேயிருந்து வீசிய காற்றில் வளையத்தின் வலை ஒரு பக்கமாகவே படுத்துக் கிடந்தது. காற்று தணியும் வரை பந்தைத் தட்டிக்கொண்டிருந்து, தணிந்ததும் எறி என்று பயிற்சியில் பையன்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது கடைசி ஃப்ரீ த்ரோவுக்கு நின்ற பையன், நான் சொன்னபடியே தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டேயிருந்தான். ஐந்து விநாடி கடந்துவிட்டது என்று நடுவர் விசில் ஊதிவிட்டார். அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குத் தோற்றது காற்றினால் என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்தேன். என் பாடத்தினால்தான் தோற்றோம்.

ஆகவே தோல்விகளின் எண்ணிக்கையைவிட, அவற்றின் காரணம் ஒன்றேதானா, அடுத்த ஆண்டு அது திருத்தப்பட்டதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். கணக்கு வாத்தியார் குறிப்பிட்ட மாட் பெயின்டர் 2023-இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற பதினாறாம் நிலை அணியிடம் 58-63 என்று தோற்றார்; முதல் நிலை அணி அவ்வாறு தோற்றது வரலாற்றில் இரண்டாம் முறை. பந்தைக் கொண்டுபோகும் பையன்கள் முதலாம் ஆண்டு மாணவர்கள். குள்ளமான எதிரணி கோர்ட் முழுவதும் நெருக்கிப் பிடித்ததில் அவர்கள் திணறினார்கள். அவர் அந்தப் பையன்களை ஒதுக்கவில்லை. அவர்களோடு லான்ஸ் ஜோன்ஸ் என்ற அனுபவமுள்ள ஓர் ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இறுதியாட்டம் வரை போய், கனெக்டிகட் அணியிடம்தான் தோற்றார்கள்.

பென்னட்டின் பக்கம் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. 2019-இல் அந்த நீளமான பாஸைக் கொடுத்த அதே கிஹெய் கிளார்க், 2023-இல் ஃபர்மன் அணிக்கு எதிராக, இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, மூலையில் இருவர் மறித்ததும் பந்தைக் குறுக்கே தூக்கி எறிந்துவிட்டார். எதிரணி அதைப் பிடித்து ஒரு த்ரீ பாயிண்டர் போட்டு 68-67 என்று வென்றது. ஆயினும் பதினைந்து பருவங்களில், பகிர்ந்துகொண்டவற்றையும் சேர்த்து ஆறு முறை, வர்ஜீனியா ஆடும் ஏ.சி.சி. லீக்கில் முதலிடம் பெற்றவரை யாரும் சாதாரணமானவர் என்று சொல்ல முடியாது.

கோப்பை ஒன்றே போதும் என்பவர்களுக்கு கெவின் ஆலியைக் காட்டுங்கள். 2014-இல் கனெக்டிகட்டை ஏழாம் நிலையிலிருந்து பட்டத்துக்குக் கொண்டுபோனார். நான்கே ஆண்டுகளில், வென்றதைவிடத் தோற்றது அதிகமான இரண்டு பருவங்களும் விதிமீறல் விசாரணையும் சேர்ந்து அவரை வெளியே அனுப்பின. மறுபுறம் பர்டூவில் பெயின்டருக்கு முன்னிருந்த ஜீன் கீடி, 25 ஆண்டுகளில் ஆறு முறை, பர்டூ ஆடும் பிக் டென் லீக்கின் பட்டம் வென்றும் ஒருமுறைகூடக் கடைசி நான்குக்குள் போகவில்லை. அவரை அந்தக் கல்லூரி இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

சமாதானபுரத்தாரே, மூன்று தோல்விகளின் ஸ்கோர் ஷீட்டையும் எடுத்து நான்காவது குவார்ட்டரை மட்டும் படித்துப் பாருங்கள்.

சமாதானபுரத்தான்:

நன்றி, சார். நேற்று மாலை கல்லூரி அலமாரியிலிருந்து மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். முதலாண்டில் நான்காவது குவார்ட்டரில் ஃப்ரீ த்ரோக்கள் வரிசையாகத் தவறியிருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் அந்தக் குறை இல்லை. கடந்த ஆண்டு, பந்தைக் கொண்டுபோகும் எங்கள் முக்கியமான பையன் ஐந்தாவது ஃபவுலோடு விதிப்படி வெளியேறியபின் அணி சரிந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டுத் தோல்விக்குக் காரணம் தாளில் தெரியவில்லை. பையன்களைக் கேட்டால், உள்ளரங்கத்தின் மரத்தரையில் அன்றுதான் முதன்முதலாக ஆடினோம், பந்து எழும்புவதே வேறு மாதிரி இருந்தது என்கிறார்கள். உள்ளரங்கில் பத்து நாள் பயிற்சிக்கு வாடகை கேட்டுப் பயிற்சியாளர் கொடுத்த கடிதமும் அதே கோப்பில் இருக்கிறது. அதன்மேல் யாரும் ஒரு குறிப்பும் எழுதவில்லை.

பழைய பி.டி. சார்:

அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள், தம்பி. ஐந்தாவது ஃபவுல் பையனைப் பற்றி மட்டும் பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள்: நான்காவது ஃபவுல் எந்த நிமிடத்தில் விழுந்தது, அதற்குப் பிறகு அவனை ஏன் உட்கார வைக்கவில்லை?