மறு: சேகரிப்போருக்கான நாணயம் – என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, கடைகளில் கைமாறும் நாணயத்துக்கும் சேகரிப்போருக்கென்றே அடிக்கும் நாணயத்துக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> புழக்க நாணயம், நினைவு நாணயம் என்று இணையாக வைத்துவிடலாமே?

புழக்க நாணயம் சரி. மற்றதுதான் இடிக்கிறது. எதன் நினைவாக வெளியிட்டார்கள் என்பதைத்தான் ‘நினைவு’ சொல்கிறது. யாருக்காக அடித்தார்கள் என்பதை அல்ல. 2004 முதல் வரும் 2 யூரோ நினைவு நாணயங்கள் சாதாரணச் சில்லறையாகவே கைமாறுகின்றன, யூரோ நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும். சேகரிப்போருக்கென்று அதே நாடுகள் தனியாக வெளியிடுபவையோ வெளியிட்ட நாட்டுக்குள் மட்டுமே செல்லும். சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்போது நாம் ஏன் குழப்ப வேண்டும்? அமெரிக்காவின் மாநிலக் கால் டாலர்கள் (1999–2008) இன்னும் வேடிக்கை: ஒரே வடிவம் சில்லறையாகவும் வந்தது, சேகரிப்போருக்காக வெள்ளியிலும் வந்தது.

> அப்படியானால் ‘புழங்கா நாணயம்’?

அந்தச் சொல் வேறொன்றுக்கு வேண்டும். புழக்கத்துக்கென்றே அடித்து, ஒருமுறைகூடக் கைமாறாமல் பளிச்சென்று இருக்கும் நாணயத்தை என்ன என்போம்? அதற்கு வைத்துக்கொள்வோம். கனடா 2007இல் வெளியிட்ட 100 கிலோ தங்க நாணயத்தின் முகமதிப்பு பத்து லட்சம் டாலர். அதை நீட்டி மீதிச் சில்லறை கேட்பவர் யார்! இப்படிப்பட்டவற்றுக்குச் ‘சேகரிப்பு நாணயம்’ என்பதே என் வாக்கு. தங்கத்தின் எடைக்காக வாங்கும் க்ரூகராண்டு (தென்னாப்பிரிக்கத் தங்க நாணயம்) போன்றவை இதில் சேராது. அவை முதலீட்டு நாணயங்கள்.

அடுத்து ‘புரூஃப்’ (proof), அதாவது சேகரிப்போருக்காகத் தனிக் கவனத்தோடு அடிக்கும் நாணயம். ‘ஆடிவார்ப்பு’ என்ற முன்மொழிவில் ‘வார்ப்பு’ கூடாது. உலோகத்தை உருக்கி ஊற்றுவதில்லை. மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சுக்கிடையே வைத்து, குறைந்தது இரண்டு முறை அடிக்கிறார்கள். (‘ஈரடி நாணயம்’ என்றால் குறள் பொறித்ததோ என்று கேட்பார்கள்.) ‘ஆடி’யும் முழுதாகப் பொருந்தாது: 1902இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டுக்கு அடித்த பிரிட்டிஷ் புரூஃப்கள் கண்ணாடிபோல் மின்னாத மங்கல் பரப்பு கொண்டவை. ‘மெய்ப்பு’ அச்சகத்தில் பிழை திருத்தும் தாளையே நினைவூட்டுகிறது. தொடக்கத்தில் இதுவும் அச்சைச் சோதிக்க அடித்ததுதான், ஆனால் இன்று விற்பனைக்கான தனித் தயாரிப்பு.

பரப்பு எப்படி இருந்தாலும் தனிக் கவனத்தோடு அடிப்பது மட்டும் மாறவில்லை. அதனால் ‘சிறப்பச்சு நாணயம்’ என்கிறேன். ‘சிறப்படி’ என்றும் பார்த்தேன், பாதத்தடி போல ஒலிக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.