குறைமாதப் பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி: செம்மறியாட்டு ஆய்வு மனிதருக்கு எந்த அளவு பொருந்தும்?

கேள்வி (செவிலியர் படிப்பு மாணவி):
குறைமாதத்தில் பிரசவ வலி கண்ட தாய்க்குப் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்ச்சியடையும் என்று படித்தோம். இந்தச் சிகிச்சை செம்மறியாட்டு ஆய்விலிருந்து பிறந்தது என்றும், அந்த ஆய்வு வேறொரு கேள்விக்காகத் தொடங்கியது என்றும் ஆசிரியர் கூறினார். ஆட்டின் கருப்பையும் பெண்ணின் கருப்பையும் ஒரே விதமாக இயங்குவதில்லையே. பிறகு எந்த நம்பிக்கையில் அதைத் தாய்மாருக்குக் கொடுத்தார்கள்?

பதில் 1 (மகப்பேறு மருத்துவர்):
உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவரான கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவத்தைத் தொடங்கிவைப்பது தாயா கருவா என்று அறிய விரும்பினார். கருவிலிருக்கும் குட்டியின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அழித்தபோது, ஏறக்குறைய 150 நாளில் ஈன வேண்டிய ஆடு நாள் கடந்தும் ஈனவில்லை. மாறாக, குட்டியின் உடலில் கார்டிசோலை (உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) செலுத்தியபோது முன்னதாகவே ஈன்றது. அப்படிப் பிறந்த குட்டிகளில், நுரையீரல் விரியாமல் இறந்திருக்க வேண்டிய வயதுடைய சில, எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் மூச்சுவிட்டதை அவர் கவனித்தார். 1969-இல் வெளியான அவருடைய கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அவர் அதோடு நின்று மருந்தைப் பரப்பிவிடவில்லை. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, யாருக்கு எந்த ஊசி என்பது மருத்துவருக்கும் தெரியாதபடி தாய்மாரிடையே ஒப்பீட்டு ஆய்வு நடத்தினார். 1972-இல் வெளிவந்த அதன் முடிவில், திட்டமிடாமல் குறைமாதப் பிரசவம் நேர்ந்தவர்களின் குழந்தைகளில் பிறந்த சில நாள்களுக்குள் இறந்தோர் ஒப்பீட்டுக் குழுவில் 15 சதவீதம், ஊசி பெற்ற குழுவில் 3.2 சதவீதம். ஆகவே நம்பிக்கையின் அடிப்படை ஆடு அன்று, இந்த ஆய்வுதான். ஆடு வழியை மட்டும் காட்டியது.

பதில் 2 (உடலியங்கியல் ஆசிரியர்):
லிக்கின்ஸ் முதலில் கேட்ட கேள்விக்கான விடைதான் மனிதருக்கு அப்படியே பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குட்டியின் கார்டிசோல், ஆட்டின் நஞ்சுக்கொடியில் ஒரு நொதியைத் தூண்டி, சினையைக் காக்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற வேறொரு ஹார்மோனாக்கும் பாதையைத் திறக்கிறது. புரொஜெஸ்டிரோன் குறைந்ததும் கருப்பைத் தசை சுருங்கத் தொடங்குகிறது. மனித நஞ்சுக்கொடியில் அந்த நொதி இல்லை என்றே சொல்லலாம். பெண்ணின் இரத்தத்தில் பிரசவத்துக்கு முன் புரொஜெஸ்டிரோன் அப்படி வீழ்வதும் இல்லை. கார்டிசோல் நுரையீரலை முதிர்விப்பது இரண்டு இனங்களுக்கும் பொது. கருப்பையை எழுப்பும் பாதை பொதுவானதன்று. ஓர் ஆய்வு பொருந்துமா என்று மொத்தமாகக் கேட்காமல், எந்த உறுப்பில், எந்தப் படியில் என்று கேட்பதே முறை.

மாணவி:
நன்றி. அப்படியானால் ஏன் எலியை விட்டு ஆட்டைத் தேர்ந்தார்கள்?

பதில் 2:
ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகள், மனிதக் குழந்தையின் எடையை ஒட்டிய உடல், கருக்குட்டியின் இரத்தக்குழாயில் நுண்குழாய் பொருத்திய பின்னும் பல நாள் சினை தொடரும் பொறுமை ஆகியவை காரணங்கள். தவிர, எலியின் நுரையீரல் நுண்ணறைகள் பிறந்த பிறகே உருவாகின்றன. ஆட்டுக்கு அவை கருவிலேயே பெரிதும் உருவாகிவிடுகின்றன.

பதில் 1:
இன்னொன்றும் உண்டு. ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் குட்டியின் பிறப்பு எடை குறைகிறது என்று 1990-களில் ஆடுகளிலேயே கண்டார்கள். பின்னர் தாய்மாரிடம் நடந்த ஆய்வும் அதையே காட்டியது. வாரந்தோறும் ஊசி போடும் வழக்கம் கைவிடப்பட்டதில் அந்த ஆடுகளுக்கும் பங்குண்டு.