பத்தாவது முடிச்ச மக நர்ஸ் ஆகணும்ங்குறா, ப்ளஸ் ஒன்ல எந்த குரூப் சேக்குறது?

பாம்பன்_அப்பா
எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன், விசைப்படகுல தொழிலுக்குப் போறவன். மக கவர்மெண்ட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சிருக்கு, மார்க்கும் நல்லாத்தான் இருக்கு, சின்னதுல இருந்தே ஆஸ்பத்திரி வேலைதான்னு ஒத்தக்கால்ல நிக்குது. என் சித்தப்பா மகன் அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இருக்கான், அங்க டாக்டர் நர்ஸ் வேலைக்குன்னே கவர்மெண்ட் ஹைஸ்கூல் இருக்கு, பீஸ் கிடையாதுன்னு சொல்றான். நம்ம மாவட்டத்துல அப்படி ஏதும் இருக்கா? இங்க ஒரு ஸ்கூல்ல நர்சிங் குரூப் இருக்காம், அதுல சேத்தா படிச்சு முடிச்சதும் நர்ஸ்தான்னு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் சேக்கவே சேக்காதீங்கங்குறாரு. நல்ல பிரைவேட் ஸ்கூல்ல மாத்தி விடுங்கன்னும் சொல்றாங்க. தடைக்காலம், கையில காசு பொழங்கல, ஆனா அவளுக்குன்னா கடன் வாங்கியாவது கட்டிருவேன். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாயல்குடி_டெக்சாஸ்
அண்ணே, உங்க தம்பி சொல்றது டிபேக்கி ஸ்கூலாத்தான் இருக்கும். 1972ல ஹூஸ்டன் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும் பேய்லர் மெடிக்கல் காலேஜும் சேந்து ஆரம்பிச்சது, 1996ல மைக்கேல் டிபேக்கிங்குற இதய சர்ஜன் பேர வச்சாங்க, 2017ல டெக்சாஸ் மெடிக்கல் சென்டருக்குள்ளயே புதுக் கட்டடத்துக்குப் போயிருச்சு. மேக்னட் ஸ்கூல்னு சொல்லுவாங்க, வீட்டுப் பக்கத்து ஸ்கூல்லதான் சேரணும்னு இல்லாம ஊர்ல எந்த மூலையில இருக்குற புள்ளையும் அப்ளிகேஷன் போட்டு தேர்வாகி வரலாம். ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும். ஆனா அண்ணே, அங்க கணக்கையும் சயின்ஸையும் கொறச்சுட்டு மருத்துவம் சொல்லித் தர்றது இல்ல, அதெல்லாம் முழுசா இருக்கும், அதுக்கு மேலதான் மருத்துவப் பாடமும் ஆஸ்பத்திரி அனுபவமும். முடிச்சதும் யாரும் டாக்டர் ஆகிற முடியாது, நாலு வருஷம் காலேஜ், அப்புறம் நாலு வருஷம் மெடிக்கல் ஸ்கூல்னு எல்லாரும் போற பாதையிலதான் போகணும். இத மனசுல வச்சுக்கிட்டு குரூப் பாருங்க.

கடலோர_சிஸ்டர்
அண்ணே நான் நம்ம கடற்கரைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். ப்ளஸ் டூ நர்சிங் குரூப் மட்டும் முடிச்சா ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. மூணு வருஷ டிப்ளமோவோ நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங்கோ முடிச்சு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும், கவர்மெண்ட் வேலைன்னா அதுக்கு மேல எம்.ஆர்.பி.ங்குற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட பரிச்சை. பி.எஸ்சி. நர்சிங்குக்கு நம்ம ஸ்டேட்ல இப்ப வரைக்கும் ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மார்க்க வச்சுத்தான் எடுக்குறாங்க. அதனால எந்த குரூப்பா இருந்தாலும் இந்த மூணும் உள்ள இருக்கான்னு ஸ்கூல்லயே கேட்டு எழுதி வாங்கிக்கங்க, இல்லைன்னா பேசாம பயாலஜி குரூப்ல சேத்துருங்க.

இந்தப் பாடமெல்லாம் எதுக்குன்னு பாப்பா கேட்டா இதச் சொல்லுங்க. திருக்கை முள்ளு குத்தி கரைவலைக்காரங்க, கடல்ல எறங்கி பாசி எடுக்குற அக்காமாருங்க துடிச்சுட்டு வருவாங்க, காலு வீங்கி நெலத்துல ஊன முடியாது. பொறுக்குற அளவு சூட்டுல தண்ணி வச்சு காலை உள்ள வைக்கச் சொல்லுவோம், சூடு ஆற ஆற மாத்தி ஊத்துவோம், கொஞ்ச நேரத்துல அவங்க மொகமே தெளியும். அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப்போயிரும், அதான் காரணம். ஆனா கொதிக்கிற தண்ணிய ஊத்துனா தோல் வெந்துரும், முள்ளுத் துண்டு உள்ள ஒடஞ்சு கெடந்தா சீழ் புடிச்சுரும், அதையும் பாத்து டாக்டர்கிட்ட சொல்லி டி.டி. ஊசி போடணும். காரணம் தெரியாம கைய வச்சா ஆபத்துண்ணே.

இன்னொன்னு, ஆறு மாசத்துல நர்ஸ் சர்டிபிகேட்னு போஸ்டர் ஒட்டிருப்பாங்க. எங்க சொந்தத்துல ஒரு புள்ள அப்படி ஒரு எடத்துல பணத்தக் கட்டி படிச்சுட்டு இப்ப கிளினிக்ல சொற்ப சம்பளத்துக்கு நிக்குது, கவுன்சில் பதிவும் கெடையாது. நெனச்சாலே வயிறு எரியுது. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போயிராதீங்க.

முதுகலை_ஆசிரியர்
பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்தவே மாத்தாதீங்க ஐயா, கடனும் வாங்காதீங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரை கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களுக்கு 2020ல இருந்து எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்.ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கு. ப்ளஸ் ஒன்னுக்கு மாத்திட்டா அது கைய விட்டுப் போயிரும். மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியத்துலயோ படிச்ச பொண்ணுங்களுக்குத்தான், டிப்ளமோ படிச்சாலும் உண்டு. ராமநாதபுரத்துலயே 2022 ஜனவரியில தெறந்த கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கு, 100 சீட்டு. இன்னைக்கு நர்ஸ்னு சொல்ற புள்ள நாளைக்கு டாக்டர்னு சொல்லலாம், மூணு பாடமும் எடுத்திருந்தா நீட்டும் எழுதலாம்.

பாம்பன்_அப்பா
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கூல் மாத்தல, பயாலஜி குரூப்தான்னு வீட்டுல பேசிட்டோம், மகளுக்கு சந்தோசம். ஒரே பயம், அவ தமிழ் மீடியம், நர்சிங் காலேஜ்ல எல்லாம் இங்கிலீஷ்லதானே?

கடலோர_சிஸ்டர்
நானும் தமிழ் மீடியம்தாண்ணே. முதல் வருஷம் அனாட்டமிதான் மெரட்டும், எலும்பு பேரு நரம்பு பேரெல்லாம் வாயில நொழையாது, அப்புறம் பழகிரும். ப்ளஸ் ஒன் பயாலஜி புக்கு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பாடநூல் கழக சைட்ல இலவசமா கெடைக்குது, ரெண்டையும் எறக்கி ஒரே பாடத்த பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கச் சொல்லுங்க. மனித உடல் பாடத்துல இருந்து தொடங்கட்டும், இந்த லீவுலயே ஆரம்பிக்கலாம். சந்தேகம்னா பாப்பாவையே இங்க வந்து கேக்கச் சொல்லுங்க, பதில் போடுறேன்.