502 பிழைக்குப் பின்னால்: வெப் சர்வரில் செயலிகளை ஏற்றிய அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

எழுதி வைத்த ஹெச்டிஎம்எல் பக்கங்களை ஒரு வெப் சர்வரில் ஏற்றுவதற்கும், பைத்தானிலோ பிஎச்பியிலோ ஜாவாவிலோ எழுதிய செயலியை ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு, 502 பிழை (பின்னால் உள்ள செயலியிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று முன்னால் உள்ள சர்வர் சொல்வது) முதன்முதலாகத் திரையில் தோன்றும்போதுதான் பலருக்கும் உறைக்கிறது. பக்கங்களைப் பொறுத்தவரை, கோப்பை எடுத்துக் கொடுத்ததும் சர்வரின் வேலை முடிந்துவிடும். செயலி என்று வந்துவிட்டால், உலாவியிடமிருந்து கோரிக்கையை வாங்குவது ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), பதிலைத் தயாரிப்பது வேறொரு பிராசஸ். இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு பயனர் கணக்கில், வெவ்வேறு அனுமதிகளோடும் காலவரம்புகளோடும் ஓடுகின்றன. நான் கையாண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இருந்தன. ஆகவே அந்தச் சந்திப்பைப் பற்றிய அனுபவங்களையே இங்கே பகிருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. வெப் சர்வர் ஒரு வெளி நிரலை இயக்கிப் பதில் வாங்குவதற்காக 1993இல் உருவான சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிராசஸ் பிறந்து, பதில் தந்ததும் மறைந்தது. வருகையாளர்கள் பெருகியபோது அந்தச் செலவு தாங்கவில்லை. செயலியை எப்போதும் உயிரோடு வைத்திருந்து, கோரிக்கைகளை மட்டும் அதனிடம் அனுப்பும் ஃபாஸ்ட்சிஜிஐ வந்தது. பைத்தான் உலகில், வெப் சர்வரும் செயலியும் பேசிக்கொள்ளும் முறையாக 2003இல் டபிள்யூஎஸ்ஜிஐ வரையறுக்கப்பட்டது. இன்று என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை முன்னால் நிறுத்தி, செயலியை இயக்கும் குனிகார்னையோ (பைத்தானுக்கு) பிஎச்பி-எஃப்பிஎம்மையோ (பிஎச்பிக்கு) டாம்கேட்டையோ (ஜாவாவுக்கு) பின்னால் ஓடவிடும் வழக்கம் அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான்.

என் அனுபவம் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய ஒரு செயலியைப் பற்றியது. வேறொரு குழு அமைத்துவிட்டுச் சென்ற சர்வர் எங்கள் பொறுப்புக்கு வந்தது. குனிகார்ன் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே இயந்திரத்தின் பிராசஸ்கள் பேசிக்கொள்ளும், கோப்புபோல் தெரியும் வழி) ஒன்றின் வழியாகக் கோரிக்கைகளை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கெட் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் இருந்தது. என்ஜின்எக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியவுடன் எல்லாப் பக்கங்களும் 502 காட்டின. பிழைகளைப் பதியும் லாகில், "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்ற பொருளில், பிழை எண் 2 பதிவாகியிருந்தது. ஆனால் டெர்மினலில் பட்டியலிட்டுப் பார்த்தால் சாக்கெட் கண்ணெதிரே இருந்தது. கர்ல் கட்டளையால் அதே சாக்கெட்டுக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பியபோது முகப்புப் பக்கம் முழுமையாக வந்தது.

விடை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் இருந்தது. என்ஜின்எக்ஸுக்கான சர்வீஸ் கோப்பில் பிரைவேட்டெம்ப் என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தது. அது இயங்கும்போது அந்த சர்வீஸுக்கு மட்டும் தனியானதொரு டெம்ப் அடைவு கிடைக்கிறது. நாம் பார்க்கும் டெம்ப் அடைவும் என்ஜின்எக்ஸ் பார்க்கும் டெம்ப் அடைவும் ஒரே பெயர் கொண்ட இரு வேறு இடங்கள். இது பாதுகாப்புக்காகவே உள்ள ஏற்பாடு என்பதால் அதை நீக்க நான் உடன்படவில்லை. சாக்கெட்டைக் கைவிட்டு, குனிகார்னை 127.0.0.1 முகவரியின் (அதே இயந்திரத்திலிருந்து மட்டும் எட்டக்கூடியது) 8000ஆம் போர்ட்டுக்கு மாற்றினோம்.

502 மறையவில்லை, லாகில் இருந்த எண் மட்டும் 13 ஆனது. அது அனுமதி மறுப்பு. போர்ட்டுக்குக் கோப்பு அனுமதி எதுவும் கிடையாது என்பதால், மறுத்தது லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ்தான் என்று புரிந்துகொண்டோம். வெப் சர்வர் தானாக வேறு போர்ட்களோடு இணைவதை அது இயல்பாகவே தடுக்கிறது. எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைத்துவிடலாம் என்று சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். வெப் சர்வரின் நெட்வொர்க் இணைப்பை அனுமதிப்பதற்கென்று தனியாக ஒரு சுவிட்ச் அதில் உள்ளது. அதை மட்டும் நிரந்தரமாக இயக்கியதும் தளம் எழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில், 502 என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி லாகில் உள்ள எண் என்ன என்பதுதான். 2 என்றால் சாக்கெட் என்ஜின்எக்ஸின் கண்ணில் படவில்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. பெரும்பாலும் செயலியே ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. உலாவி காட்டும் பக்கம் இவை அனைத்துக்கும் ஒன்றேதான்.

இரண்டாம் உறுப்பினர்

நண்பர் குறிப்பிட்ட சந்திப்பில் எனக்கு நேர்ந்தது பிழைப்பக்கம்கூட வராத ஒரு கோளாறு. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் நிறுவிய பின், பக்கம் தன்னிடமே திரும்பத் திரும்ப வழிமாற்றப்பட்டு, இறுதியில் உலாவியே கைவிட்டது. மறையாக்கம் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. செயலிக்குச் செல்வது சாதாரண ஹெச்டிடிபி கோரிக்கை. செயலியோ, பாதுகாப்பற்ற கோரிக்கை வந்திருக்கிறது என்று கருதி ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கு அனுப்புகிறது. அது மீண்டும் என்ஜின்எக்ஸ் வழியாகச் சாதாரணக் கோரிக்கையாகவே வந்து சேர்கிறது.

மூலக் கோரிக்கை ஹெச்டிடிபிஎஸ்ஸில் வந்ததா என்று செயலிக்குச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்ற ஹெட்டரை (கோரிக்கையோடு செல்லும் குறிப்பு) என்ஜின்எக்ஸில் சேர்த்து, அதை நம்புமாறு செயலியிலும் அமைத்ததும் சுழற்சி நின்றது. ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஹெட்டரை யார் வேண்டுமானாலும் தங்கள் கோரிக்கையில் எழுதி அனுப்ப முடியும். ஆகவே உள்ளே வரும் மதிப்பை என்ஜின்எக்ஸ் தன் மதிப்பால் மாற்றியே அனுப்ப வேண்டும். செயலியின் போர்ட்டும் 127.0.0.1 முகவரியில் மட்டுமே திறந்திருக்க வேண்டும். அந்தப் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்தால், என்ஜின்எக்ஸைச் சுற்றிக்கொண்டு நேராக வருபவர் சொல்வதையெல்லாம் செயலி உண்மையென்று எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் உறுப்பினர்

பிஎச்பி-எஃப்பிஎம் பயன்படுத்துவோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் பராமரிக்கும் ஒரு தளத்தில் கூட்டம் கூடும் நேரங்களில் மட்டும் 502 வந்தது. கோரிக்கைகளைக் கவனிக்கும் சைல்ட் பிராசஸ்களின் அதிகபட்ச எண்ணிக்கையைத் தொட்டுவிட்டதாக எஃப்பிஎம் லாக் எச்சரித்தது. அந்த வரம்பு பல நிறுவல்களில் தொடக்கத்தில் 5 என்றே இருக்கிறது. அதை 100 ஆக உயர்த்தலாம் என்ற யோசனை உடனே எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை. அங்கே ஒரு பிராசஸ் ஏறத்தாழ 60 எம்பி நினைவகம் எடுத்துக்கொண்டிருந்தது. நூறு பிராசஸ்களுக்கு 6 ஜிபி வேண்டும். சர்வரில் இருந்ததோ 2 ஜிபி, அதிலும் தரவுத்தளம் அதே இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸ் கெர்னல் தானாகவே ஒரு பிராசஸைக் கொல்லும். பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருக்கும் தரவுத்தளமே அதற்குப் பலியாகும்.

வரம்பை 12 ஆக வைத்துவிட்டு, எஃப்பிஎம்மின் ஸ்லோ லாகை ஐந்து விநாடி எல்லையோடு இயக்கினோம். எந்தக் கோரிக்கை அந்த எல்லையைக் கடந்தாலும், அந்தக் கணத்தில் பிஎச்பி எந்தக் கோப்பின் எந்த வரியில் நின்றுகொண்டிருந்தது என்பதை அது எழுதி வைக்கும். பதிவுகள் எல்லாம் ஒரே வரியைக் காட்டின. வெளியே உள்ள ஒரு சேவையிடம் தகவல் கேட்கும் அந்த அழைப்புக்குக் காலவரம்பே விதிக்கப்படவில்லை. அந்தச் சேவை தாமதித்தபோதெல்லாம் எங்கள் பிராசஸ்கள் ஒவ்வொன்றாக அதன் வாசலில் காத்து நின்றன. இரண்டு விநாடி வரம்பு விதித்து, தகவல் வராவிட்டால் பக்கத்தின் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுமாறு மாற்றிய பின், பன்னிரண்டே பிராசஸ்கள் தாராளமாகப் போதுமானவையாக இருந்தன.

நான்காம் உறுப்பினர்

காலவரம்பு பற்றி ஒரு சிறு சேர்க்கை. பெரிய அறிக்கை ஒன்றைத் தயாரிக்கும் பக்கம் சரியாக 30 விநாடிகளில் 502 காட்டியது. என்ஜின்எக்ஸின் வரம்பைச் சக ஊழியர்கள் உயர்த்திக்கொண்டே போனார்கள், பயனில்லை. என்ஜின்எக்ஸின் இயல்பான வரம்பு 60 விநாடிகள், அது மீறப்பட்டால் வருவது 504, அதாவது காலம் கடந்த பிழை. முப்பதாவது விநாடியில் வொர்க்கரை (கோரிக்கையைக் கவனிக்கும் பிராசஸ்) நிறுத்தியது குனிகார்ன். அதன் இயல்பான வரம்புதான் 30. இணைப்பு பாதியில் துண்டிக்கப்பட்டதால் என்ஜின்எக்ஸ் 502 என்றது.

குனிகார்னின் வரம்பையும் உயர்த்தியிருக்கலாம். ஆனால் ஓர் அறிக்கைக்காக ஒரு வொர்க்கர் பல நிமிடங்கள் கட்டுண்டு கிடப்பது மற்ற வருகையாளர்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து. அறிக்கைத் தயாரிப்பை, வேலைகளைத் தனியே ஓட்டும் செலரி என்ற கருவியில் பின்னணி வேலையாக மாற்றினோம். பக்கம் உடனே திறந்து, வேலையின் நிலையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்டு, முடிந்ததும் பதிவிறக்க இணைப்பைத் தருகிறது. இப்போது இரண்டு வரம்புகளும் அவற்றின் இயல்பான மதிப்பிலேயே இருக்கின்றன.