புதுப்பிப்பு: ஒரே பில் இரண்டு முறை பதிவான சிக்கல் தீர்ந்தது

தொழில் தானியக்க மாநாட்டுக்குப் போய்வந்த கையோடு, சப்ளையர் பில்களைப் பதிவு செய்ய ஒரு பாட் (தானாக வேலை செய்யும் மென்பொருள்) அமைத்தோம். அது சில பில்களை இரண்டு தடவை ஏற்றுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ரீட்ரை (பதில் வராவிட்டால் பாட் மறுபடி அனுப்புவது) எண்ணிக்கையைக் குறைத்தேன். பலன் இல்லை. சர்வர் பில்லைச் சேமித்துவிடுகிறது, பதில்தான் தாமதமாகிறது. வரவில்லை என்று நினைத்து பாட் மறுபடி அனுப்புகிறது. ஒரே ஒரு ரீட்ரை இருந்தாலும் இது நடக்கும்.

கைகொடுத்தது, சப்ளையர் குறியீடு, பில் எண், தேதி மூன்றையும் சேர்த்து டேட்டாபேஸிலேயே யுனிக் கட்டுப்பாடு (அதே மூன்றும் மறுபடி வந்தால் ஏற்காத விதி) வைக்கச் சொன்ன யோசனை. சோதனையை பாட்டுக்குள் மட்டும் வைத்தால் போதாது. இரண்டு பாட்கள் ஒரே நொடியில் ஓடினால் இரண்டுமே தாண்டிவிடும்.

எதிர்பாராத ஒன்று: அதன்பிறகும் சில இரட்டைப் பதிவுகள் வந்தன. மாநாட்டில் வலியுறுத்தியபடி பிபிஎம்என் 2.0 (வேலைப் படிகளைப் படமாக வரைவதற்கான தரக் குறியீடு) முறையில் வேலை ஓட்டத்தை வரைந்தபோதுதான் தெரிந்தது, ஒரே பில் மெயிலிலும் ஸ்கேனிலும் வருகிறது. ஸ்கேனில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பில் எண்ணில் உள்ள பூஜ்யத்தை ஆங்கில ‘ஓ’ எழுத்தாகப் படித்திருக்கிறது. வரைபடத்தை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். இப்போது தொகையும் தேதியும் ஒத்து, பில் எண் மட்டும் ஓரெழுத்து மாறினால், அந்த பில் ஆள் பார்வைக்குப் போகிறது.